கடைசி ஆடு விற்கப்படுவதற்கு முன்: வறட்சிக்கான திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: மழை அடிக்கடி பொய்க்கும் பகுதி. நல்ல விளைச்சல் ஆண்டிலேயே பல வீடுகளில் சில மாதங்களுக்கு உணவு போதாது. இப்படிப்பட்ட சமூகங்களுக்குப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டும். எங்கே தொடங்குவது, எதற்கு முன்னுரிமை தருவது?

இவ்வகை ஆவணங்களில் பெரும்பாலானவை மழையளவு வரைபடத்துடன் தொடங்கும். முப்பது ஆண்டுச் சராசரி, அதிலிருந்து விலகல், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நிலப்படம். தேவையானதுதான், ஆனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்லாது. நான் வேறோர் இடத்தில் தொடங்கச் சொல்வேன். வறட்சி முற்ற முற்ற அந்தக் குடும்பங்கள் எதை விற்கின்றன, எந்த வரிசையில் விற்கின்றன, எந்த மாதத்தில் விற்கின்றன? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் திட்டத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் சாப்பாடு சுருங்கும். மூன்று வேளை இரண்டாகும், காட்டுக் கீரையும் கிழங்கும் உலையேறும். பெரியவர்கள், அவர்களிலும் முதலில் பெண்கள், தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்வார்கள். வீட்டில் ஒருவர் வேலை தேடி வெளியூர் போவார். உறவினரிடம் கைமாற்று, கடையில் கடன். பிறகு கோழிகள், ஓரிரு கிடாக்கள் விற்பனைக்குப் போகும். இதுவரை நடந்தவை எல்லாம் ஒரு நல்ல பருவம் வந்தால் மீட்டுக்கொள்ளக்கூடியவை. அடுத்த படி அப்படிப்பட்டதன்று. குட்டி போடும் பெட்டை ஆடுகள், கறவை மாடு, உழவு மாடு, விதைத் தானியம், அதன்பின் நிலத்தின் அடகு, நிலத்தின் விற்பனை, கடைசியாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறுவது. உழவு மாட்டை விற்ற வீடு அடுத்த ஆண்டு மழை கொட்டினாலும் நேரத்துக்கு உழ முடியாது. வறட்சி முடிந்தும் வறுமை முடியாமல் நீள்வது இப்படித்தான்.

மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூடானின் டார்ஃபூர் பகுதியில் 1984–85 பஞ்சத்தின்போது விதைத் தானியத்தில் மணலைக் கலந்து வைத்த குடும்பங்கள் இருந்தன. பசித்த பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால் கண்ட முக்கியமான செய்தி இதுவே: அம்மக்கள் இன்றைய பசியைவிட நாளைய பிழைப்பு அழிவதற்கே அதிகம் அஞ்சினார்கள், ஆடுமாட்டையும் விதையையும் காப்பதற்காகத் தெரிந்தே பட்டினி கிடந்தார்கள். வெளியிலிருந்து வரும் நாம் கலோரிக் கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் எதற்காகப் போராடுகிறார்கள் என்பதையே தவறவிடுவோம்.

ஆகவே திட்டத்தின் எந்தப் பகுதியையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: மீள முடியாத அந்த விற்பனை தொடங்கும் முன் இது வீட்டு வாசலுக்கு வந்து சேருமா? சேராது என்றால் அது நிவாரணம். நிவாரணமும் வேண்டும். ஆனால் அதை அபாயக் குறைப்பு என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

தகவல் திரட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊர்க்கூட்டம் போட்டு, தரையில் கோடு கிழித்து, பருவக் காலண்டர் வரைவது பழகிய முறை. விதைப்பு, அறுவடை, பசி மாதங்கள், கடன் வாங்கும் மாதம், திருப்பும் மாதம், கூலி வேலை கிடைக்கும் மாதம் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே காலண்டர் போட்டால் அது ஓரளவு வசதியானவர்களின் காலண்டராகத்தான் முடியும், ஏனெனில் கூட்டத்தில் பேசுபவர்கள் அவர்கள். நிலமும் மாடும் உள்ளவர்கள், சிறுநிலம் உள்ளவர்கள், கூலியை மட்டுமே நம்பியவர்கள் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவினரோடும் தனியாக உட்கார வேண்டும். பெண்களிடம் தனியாக. கூலிக்காரருக்கு வறட்சி அறுவடையில் வருவதில்லை, களையெடுக்கும் வேலை இல்லாமல் போகும் நாளிலேயே வந்துவிடுகிறது, அதாவது நிலம் உள்ளவரைவிட மாதக்கணக்கில் முன்னதாக. கடந்த இருபது முப்பது ஆண்டுகளின் மோசமான ஆண்டுகளை அவர்களே வரிசைப்படுத்தட்டும். ஒவ்வோர் ஆண்டிலும் முதலில் எது விற்றது, யார் வாங்கினார், என்ன விலைக்கு என்று கேளுங்கள். யார் வாங்கினார் என்ற கேள்விக்கு வரும் பதில் சில சமயம் கூட்டத்தையே அமைதியாக்கிவிடும். வாங்கியவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். தனித்தனியாகப் பேசச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விற்பனையைக் கவனிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உணவு இல்லாததால்தான் பஞ்சம் வருகிறது என்ற எண்ணத்தை அமர்த்தியா சென் உடைத்தபோது அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று எத்தியோப்பியாவின் வொல்லோ மாகாணம். 1973இல் அங்கே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், ஆனால் சந்தையில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை. வாங்கக் காசில்லாத இடத்தில் விலை எதற்கு ஏற வேண்டும்? விளைச்சலையும் கூலியையும் இழந்தவர்கள், தங்களிடம் இருந்த கால்நடைகளையும் அடிமாட்டு விலைக்கே விற்க வேண்டியிருந்தது. அதனால் தானிய விலையை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு ஏமாற்றிவிடும். ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ தானியம் வாங்கலாம், ஒருநாள் கூலிக்கு எத்தனை கிலோ கிடைக்கும் என்ற இரண்டு விகிதங்களை வாரச் சந்தையில் தொடர்ந்து குறித்துவந்தால் போதும், செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பலவும் அதில் தெரியும். சந்தைக்கு வரும் பெட்டை ஆடுகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மேல் கூடுகிறதா என்பதையும் அதோடு குறித்துக்கொள்ளலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது, சந்தையூரில் இருக்கும் ஒருவரும் ஒரு கைப்பேசியும் போதும்.

இனி முன்னெச்சரிக்கை. இதில்தான் பணமும் கவனமும் அதிகம் செலவாகின்றன, இதில்தான் தவறான நம்பிக்கையும் அதிகம். நல்ல எச்சரிக்கை கிடைத்தால் நல்ல நடவடிக்கை வரும் என்பது அந்த நம்பிக்கை. சோமாலியாவில் 2010 ஆகஸ்டு முதலே எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. அக்டோபரில் பெய்ய வேண்டிய மழை பொய்த்தது, அடுத்த பருவ மழையும் பொய்த்தது, அறிக்கைகள் ஒவ்வொரு மாதமும் கடுமையாயின. பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது 2011 ஜூலை 20 அன்று. அதன் பிறகுதான் உதவி பெருமளவில் பாய்ந்தது. 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் இறந்தார்கள் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். போரும், உதவி நுழைய முடியாத பகுதிகளும், நன்கொடை நாடுகளின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் அந்தத் தாமதத்தில் பங்குகொண்டவை என்பது உண்மை. ஆனால் தகவல் இல்லாததால் தாமதித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2017இல் அதே நாட்டில் மீண்டும் மழை பொய்த்தபோது பணம் முன்கூட்டியே வந்தது, பெரும்பகுதி ரொக்கமாகவே மக்களிடம் போனது, பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

பஞ்சம் என்ற அறிவிப்புக்காகக் காத்திருப்பது ஏன் வீண் என்பதை அதன் இலக்கணமே காட்டும். உலக அளவில் பயன்படும் ஐந்து கட்ட வகைப்பாட்டில் கடைசிக் கட்டத்தை எட்ட, ஒரு பகுதியில் குறைந்தது 20 சதவீதக் குடும்பங்கள் கடும் உணவின்மையில் இருக்க வேண்டும், 30 சதவீதக் குழந்தைகள் கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இருக்க வேண்டும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு இருவர் இறந்துகொண்டிருக்க வேண்டும். மரணத்தை எண்ணித்தான் உறுதிசெய்ய முடிகிற ஒன்றை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ள முடியாது.

இது புதிய பாடமும் இல்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பாட்டிகள் சொல்லி வந்த 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தபின், 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதிலிருந்து பிறந்தவை பஞ்ச விதித்தொகுப்புகள். அவற்றில் மாவட்ட அதிகாரி கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எழுதப்பட்டிருந்தன: தானிய விலை, கடன் கொடுப்போர் கையை மூடிக்கொள்வது, மக்கள் வழக்கத்துக்கு மாறாக ஊர் விட்டு ஊர் அலைவது, சிறு திருட்டுகள் கூடுவது. ஐயம் வந்தால் குறைந்த கூலியில் ஒரு சோதனை வேலையைத் திறக்க வேண்டும். அந்தக் கூலிக்கும் கூட்டம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள், உடனே நிவாரணப் பணிகளை விரிக்க வேண்டும். காலனி அரசின் கஞ்சத்தனம் முழுக்க அதில் படிந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அறிகுறியையும் செயலையும் ஒரே காகிதத்தில் சேர்த்துக் கட்டிய அந்த ஒழுங்கு, இன்றைய பல திட்டங்களில் காணக் கிடைக்காது.

ஆகவே உங்கள் திட்டத்தின் இதயமாக இருக்க வேண்டியது ஓர் அட்டவணை. இரண்டு பக்கம் போதும். இந்த அளவுகோல் இந்த எல்லையைத் தாண்டினால், இந்தச் செயல், இத்தனை நாட்களுக்குள், இந்தப் பொறுப்பிலுள்ளவர், இந்தக் கணக்கிலிருந்து. ஐந்தாவது நெடுவரிசையான பணம் காலியாக இருந்தால் மற்ற நான்கும் வெறும் ஆசை. பெயர் தெரிந்த வங்கிக் கணக்கில், யாரிடமும் புதிதாக அனுமதி கேட்காமல் எடுக்கக்கூடிய ஒரு தொகை, சிறியதாயினும், இருக்க வேண்டும். கோரிக்கை எழுதி, அனுப்பி, பதில் வந்து, ஒப்பந்தம் போட்டு, பணம் வருவதற்குள் ஆடு சந்தைக்குப் போய்விடும்.

எல்லையை எங்கே வைப்பது என்பதில் எல்லோருக்கும் பயம். சீக்கிரம் மணி அடித்து மழை பெய்துவிட்டால்? இந்தப் பயத்துக்கு மருந்து, செயல்களைப் படிகளாக அடுக்குவது. முதல் எல்லையில், வறட்சி வராவிட்டாலும் வீணாகாத வேலைகள் மட்டும்: பழுதான கைப்பம்புகளைச் சரிசெய்தல், கால்நடைத் தடுப்பூசி, தீவனம் விலை ஏறுமுன் வாங்கி இருப்பு வைத்தல், பயனாளிகள் பட்டியலைப் புதுப்பித்தல். இரண்டாவது எல்லையில் ரொக்கம், கால்நடை கொள்முதல். மூன்றாவதில் உணவு, தண்ணீர் லாரி, சிகிச்சை முகாம். மணி வீணாக அடித்த ஆண்டில் செலவானது முதல் படியின் தொகை மட்டுமே. அதை ஊருக்கும் பணம் தருபவர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த அளவு வீண் மணிகள் வரும் என்பது திட்டத்தின் பகுதி என்று எழுத்தில் இருக்கட்டும்.

கென்யாவின் வறண்ட வட மாவட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. துர்கானா, மார்சபிட், வஜிர், மண்டேரா ஆகிய நான்கிலும் மிக ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் ரொக்க உதவி போகிறது. அதன் இரண்டாம் கட்டத்தில் மற்றக் குடும்பங்களையும் முன்கூட்டியே பதிவுசெய்து வங்கிக் கணக்குத் திறந்துவைத்தார்கள். செயற்கைக்கோள் காட்டும் தாவரப் பசுமைக் குறியீடு ஓர் எல்லைக்குக் கீழே போனால், வழக்கமாக உதவி பெறாதவர்களுக்கும் அந்த மாதம் பணம் போகும். நெருக்கடி வந்தபின் கணக்கெடுக்க ஓட வேண்டியதில்லை. என் பார்வையில் முழு ஏற்பாட்டிலும் கெட்டிக்காரத்தனமான பகுதி அந்தக் குறியீடு இல்லை, சலிப்பூட்டும் அந்தப் பதிவு வேலைதான்.

குறியீடுகளை முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதற்கு மலாவி சாட்சி. ஆப்பிரிக்க நாடுகளுக்கான வறட்சிக் காப்பீட்டு அமைப்பில் அந்நாடு பிரீமியம் கட்டியிருந்தது. 2015–16 பருவம் பொய்த்து, 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. காப்பீட்டின் கணினி மாதிரியோ, பணம் தரும் அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்றது. போய்ப் பார்த்தால், மாதிரியில் நீண்டகால மக்காச்சோள ரகம் இருந்தது, விவசாயிகளோ குறுகியகால ரகத்துக்கு மாறியிருந்தார்கள். மழை நின்ற இடைவெளி இந்த இரண்டு பயிர்களையும் வெவ்வேறு வளர்ச்சிக் கட்டத்தில் தாக்கும். திருத்திய பிறகு 81 லட்சம் டாலர் கிடைத்தது, ஆனால் 2017 தொடக்கத்தில்தான். பசி மாதங்கள் பெரும்பாலும் கழிந்திருந்தன. ஊரில் என்ன விதைக்கிறார்கள் என்று ஒவ்வொரு பருவமும் கேட்பது எந்த மாதிரிக்கும் கட்டாயம். குறியீட்டோடு கூடவே மனிதக் கண்ணால் பார்த்து எழுப்பும் ஒரு மணியும் அட்டவணையில் இருக்க வேண்டும், இரண்டில் எது முன்னால் அடித்தாலும் முதல் படி தொடங்க வேண்டும்.

தனிநபர் காப்பீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கால்நடைக்கான குறியீட்டுக் காப்பீடு, அதாவது செத்த மாட்டை எண்ணாமல் பசுமைக் குறியீடு விழுந்தாலே பணம் தரும் காப்பீடு, 2010இல் கென்யாவின் மார்சபிட்டில் தொடங்கியது, 2011 வறட்சியில் பணம் கொடுத்தது, வாங்கியவர்கள் அவசர விற்பனையைக் குறைத்துக்கொண்டார்கள். நல்ல கருவி. ஆனால் நல்ல ஆண்டிலேயே சாப்பாடு போதாத வீட்டிடம் பிரீமியம் கேட்பது பொருந்தாது. அவர்களுக்கு மேலே உள்ள பிரிவினருக்குத்தான் இது.

அப்படியானால் அடித்தட்டில் உள்ளவர்களுக்கு என்ன? எதிர்பார்க்கத்தக்க உதவி. தொகையின் அளவைவிட அது தவறாமல் வரும் என்ற உறுதி பெரியது, ஏனென்றால் வருமென்று தெரிந்த பணத்தை நம்பித்தான் ஒரு தாய் ஆட்டை விற்காமல் வைத்திருப்பாள். எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய உற்பத்திப் பாதுகாப்பு வலைத் திட்டத்தின் அடிப்படை இதுதான். அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அவசர வேண்டுகோள் விடுத்து, ஒவ்வோர் ஆண்டும் தாமதமாக உணவு வந்துகொண்டிருந்தது. அதே மாவட்டங்கள், பெரும்பாலும் அதே குடும்பங்கள். ஒவ்வோர் ஆண்டும் வருவதை அவசரம் என்று சொல்வதை நிறுத்தி, ஆண்டுதோறும் ஆறு மாதங்களுக்கு வரும், முன்கூட்டியே அறிவித்த உதவியாக மாற்றினார்கள். வேலை செய்ய முடிந்தவர்கள் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை செய்வார்கள், முடியாதவர்களுக்கு வேலையில்லாமலே உதவி. தவணைகள் தாமதமாகும் குறை அதிலும் நெடுநாள் இருந்தது.

வேலைக்குக் கூலி என்ற முறை மகாராஷ்டிரத்தில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 1970–73 வறட்சியின் உச்சத்தில், 1973 மே மாதம், ஏறத்தாழ 50 லட்சம் பேர் நிவாரணப் பணிகளில் இருந்தார்கள். தானிய உற்பத்தி பயங்கரமாக விழுந்தும் பெரும் பட்டினிச் சாவு ஏற்படவில்லை. அங்கே பிறந்த வேலை உறுதிச் சட்டமே பின்னர் 2005இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வர முன்மாதிரியானது. ஆனால் இந்த முறையில் கூலியின் அளவு உயிர்ப் பிரச்சினை. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இல், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், கடும் உடலுழைப்புக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் என்று நிர்ணயித்தார். அது வேலை செய்பவனின் உடலையே தின்றுவிடும் என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார், அவர் சொன்னதே சரியாக இருந்தது. இன்று திட்டம் போடுபவர்களும் கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், முதியவர்கள், நோயாளிகள் ஆகியோரை மண்வெட்டியிடமிருந்து முதலிலேயே பிரித்துவிட வேண்டும். வேலைத்தளம் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் பாருங்கள்.

கால்நடை உள்ள சமூகங்களில் நான் முதலில் பணம் ஒதுக்கும் இடம், விலை இருக்கும்போதே வியாபாரிகளை வரவழைப்பது. எத்தியோப்பியாவின் தெற்கில் மோயாலே பகுதியில் 2006 வறட்சியின்போது தொண்டு நிறுவனம் ஒன்று தனியார் மாட்டு வியாபாரிகளை அழைத்துவந்து, கடனுக்கு வழிசெய்து கொடுத்தது. ஏறத்தாழ 20,000 மாடுகள் வாங்கப்பட்டன. கிடைத்த பணத்தில் குடும்பங்கள் உணவு வாங்கின, எஞ்சிய மாடுகளுக்குத் தீவனமும் மருந்தும் வாங்கின, சில மாடுகளை மேய்ச்சல் உள்ள இடத்துக்கு லாரியில் அனுப்பின. செலவோடு ஒப்பிட்டால் பலன் பல மடங்கு. இதையே இரண்டு மாதம் தாமதித்துச் செய்தால் எலும்பும் தோலுமான மாட்டை எந்த வியாபாரியும் தொட மாட்டார், பிறகு இறைச்சிக்காக வெட்டி விநியோகிப்பதுதான் மிச்சம். இனப்பெருக்கத்துக்கு வேண்டிய சிறு மந்தையை மட்டும் தீவனம் போட்டுக் காப்பாற்றுவது இதன் மறுபாதி. எல்லா மாடுகளையும் காப்பாற்ற முயன்றால் தீவனம் எதற்கும் போதாது.

விதை விநியோகத்தில் ஒரு வழக்கமான வீண்செலவு உண்டு. வறட்சிக்குப் பின் ஊரில் விதையே இல்லை என்று எண்ணி, தொலைவிலிருந்து வாங்கிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சந்தையில் விதை இருக்கும், வாங்கப் பணம்தான் இருக்காது. அப்படியிருந்தால் கூப்பனோ ரொக்கமோ கொடுங்கள். மண்ணுக்குப் பழகிய ரகத்தை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள்.

நிலமும் நீரும் பற்றிய நீண்டகால வேலைகள் பலருக்கும் பிடித்த பகுதி, படம் எடுக்கவும் நன்றாக இருக்கும். அவற்றில் உண்மையான வெற்றிகள் உண்டு. புர்கினா ஃபாசோவின் யாத்தெங்கா பகுதியில் 1980களில் யாகூபா சவதோகோ என்ற விவசாயி, இறுகிப்போன நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் தோண்டி எருவிட்டு, முதல் மழையைக் குழியில் பிடித்து விதைக்கும் பழைய முறையைச் செம்மைப்படுத்தினார். கரையான்கள் அந்த எருவை நாடி வந்து மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழிசெய்தன. 2018இல் அவருக்கு மாற்று நோபல் என்று சொல்லப்படும் பரிசு கிடைத்தது. நைஜர் நாட்டின் தெற்கில் விவசாயிகள் வயலில் பழைய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து தானாக முளைக்கும் தளிர்களை வெட்டாமல் வளர்த்து, ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாற்று நட்டு அன்று. இதில் கவனிக்க வேண்டியது உரிமை. வயலில் நிற்கும் மரம் அரசுடையது என்ற பழைய விதி இருந்தவரை அதைக் காப்பதில் விவசாயிக்கு அபராத ஆபத்தே மிஞ்சியது. அந்தப் பிடி தளர்ந்தபின்தான் மரம் பெருகியது. உங்கள் பகுதியில் நிலத்தை மேம்படுத்தினால் குத்தகைதாரர் வெளியேற்றப்படுவாரா, ஓடைக்கரை யாருக்குச் சொந்தம் என்பதைக் கேட்காமல் குழி தோண்டத் தொடங்காதீர்கள். தோண்டும் உழைப்பும் கொஞ்சநஞ்சமன்று. ஆள்பலம் இல்லாத வீடுகளுக்கு அந்த வேலைக்கும் கூலி தந்தால்தான் நடக்கும்.

நீரில் பெரிய கட்டுமானங்களைவிட வீட்டை ஒட்டியவை அடித்தட்டு மக்களுக்கு நேராகப் போய்ச் சேரும். பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் கூரை மழைநீரைப் பிடிக்கும் 16,000 லிட்டர் தொட்டிகள் 2003 முதல் பத்து லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டன. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எட்டு மாத வறண்ட காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று லிட்டர் சொச்சம், குடிக்கவும் சமைக்கவும். அதுவரை வறட்சி ஆண்டில் தண்ணீர் லாரியை அனுப்பும் உள்ளூர்த் தலைவருக்கு ஓட்டுப் போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தொட்டியின் முழு மதிப்பு புரியும்.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டு, சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் வறண்ட சாஹேல் பகுதி. அங்கே மேய்ச்சல் நிலங்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீர் வற்றாததால் மந்தைகள் நகராமல் அங்கேயே குவிந்தன, சுற்றிலும் பல கிலோமீட்டர் புல் அழிந்தது. 1972–73 வறட்சியில் அந்தக் கிணறுகளைச் சுற்றி மாடுகள் தாகத்தால் சாகவில்லை, பசியால் செத்தன. இடம்பெயர்ந்து மேய்ப்பதே அம்மக்களின் வறட்சித் திட்டம். அதைத் தடுக்கும் வேலியோ கிணறோ எல்லைத் தகராறோ இருந்தால், மேய்ச்சல் வழிகளுக்கான பேச்சுவார்த்தை உங்கள் செலவுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். பண்ணைப் பகுதியில் இதற்கு இணையான ஆபத்து, கடன் கொடுத்து ஆளுக்கோர் ஆழ்துளைக் கிணறு போட வைப்பது. நீர்மட்டம் இறங்கும்போது முதலில் வற்றுவது ஆழம் குறைந்த ஏழையின் கிணறு, கடன் மட்டும் வற்றாது.

உடல்நலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முக்கியமில்லை என்பதால் இல்லை, செய்ய வேண்டியது தெளிவாக இருப்பதால். பஞ்சங்களில் பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாவதில்லை. பலவீனப்பட்ட உடலில் தட்டம்மை, வயிற்றுப்போக்கு, நிமோனியா, மலேரியா ஆகியவை கொல்கின்றன. ஆகவே முதல் எல்லையைத் தாண்டியதும் தட்டம்மைத் தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளைத் தேடிப் போட வேண்டும், கிணறுகளில் குளோரின் போட வேண்டும். குழந்தையின் மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவைத் தாய்மார்களுக்கே கற்றுக்கொடுங்கள். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு அது 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உடனே சிகிச்சை தேவை.

இன்னொன்று, திட்டம் எங்கே முடிகிறது என்பது. ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் மழை பெய்ததும் கடையைக் கட்டிவிடுகின்றன. மழைக்கும் அறுவடைக்கும் இடையில் மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில்தான் இருப்பு முழுவதும் தீர்ந்திருக்கும், உழைப்பு உச்சத்தில் இருக்கும், கொசுவும் கலங்கிய நீரும் வந்திருக்கும், மெலிந்த ஆடுமாடுகள் முதல் குளிர்மழையைத் தாங்காமல் விழும். கடன்காரரும் அப்போதுதான் வருவார், கேட்பது வரப்போகும் விளைச்சலை. எனவே அட்டவணையின் கடைசி வரியில் முடிவுக்கான அளவுகோலையும் எழுதிவையுங்கள்: முதல் முழு அறுவடை களத்துக்கு வரும்வரை ரொக்க உதவி, கூலிக்காரர்களுக்கு அறுவடைக் கூலி கைக்கு வரும்வரை. கால்நடையை இழந்தவர்களுக்கு மந்தை மீளச் சில ஆண்டுகள் பிடிக்கும், ஆகவே அவர்களைத் தொடர் உதவிப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும். பணம் தருபவர்களிடம் இந்த வரியை முதல் கூட்டத்திலேயே காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிலம் பச்சையான படங்களைப் பார்த்தபின் அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம்.